பகிடிக்கு எழுதிய பெயர்

சென்ற வருடம் மாணவர் பாராளுமன்றத் தேர்தலுக்காக எமது வகுப்பில் பெயர்கள் கேட்டோம். பின் வாங்கிலிருந்து நான்கைந்து பையன்கள் ஒரு மாணவியின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். அதிகம் பேசாத பிள்ளை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று மெதுவாகப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். பெயர் வந்ததும் வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொன்னால், நாமும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதினோம். இடைவேளை மணி அடித்ததும் அந்தப் பிள்ளை எமது மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "டீச்சர், என்ட பேர வெட்டிடுங்க" என்றது. வெட்டிவிட்டோம். விடயம் அத்தோடு முடிந்தது.

எமக்குத்தான் முடியவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர்கள் நாம். இதே மாதிரியான ஒரு பகிடியின் கதை எமக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் தேவைப்பட்ட நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

இடம்: ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள கன்சாஸ் மாநிலம். அங்கே ஆர்கோனியா என்றொரு சிறிய ஊர். 1885இல்தான் அது சட்டப்படி நகரமாகப் பதிவு செய்யப்பட்டது. நகரம் என்றதும் கொழும்பையோ கண்டியையோ நினைத்துவிட வேண்டாம். சனத்தொகை ஐந்நூறு பேரளவில்தான். ஆனால் அமெரிக்க முறைப்படி இவ்வளவு சிறிய ஊருக்கும் ஒரு மேயர் உண்டு, ஒரு நகர சபை உண்டு, தேர்தலும் உண்டு.

காலம்: 1887 ஏப்ரல் 4. அன்று அந்த ஊரில் தேர்தல்.

காலையில் வாக்களிக்கப் போன ஆண்களின் கையில் ஒரு வாக்குச்சீட்டு கொடுக்கப்பட்டது. அதில் மேயர் பதவிக்கு நேரே அச்சிட்டிருந்த பெயர் சுசன்னா சால்ட்டர். வயது 27. நான்கு பிள்ளைகளின் தாய். தன் பெயர் அந்தச் சீட்டில் இருப்பது அவருக்கே தெரியாது. அந்த நேரம் அவர் வீட்டில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒருவருக்குத் தெரியாமல் அவருடைய பெயர் எப்படி வாக்குச்சீட்டில் வரும் என்று நீங்கள் கேட்கலாம். எமது நாட்டில் வேட்புமனு, கட்டுப்பணம், ஆட்சேபனை, தேர்தல் ஆணைக்குழு என்று எத்தனையோ படிகள் உண்டு. அன்றைய அமெரிக்காவில் அப்படி இல்லை. அரசாங்கம் வாக்குச்சீட்டு அச்சிடுவதில்லை. கட்சிகளும் குழுக்களும் தாங்களே அச்சடித்து, தேர்தல் தினத்தன்று வாக்காளர் கையில் கொடுப்பார்கள். எல்லா வேட்பாளரின் பெயரும் ஒரே சீட்டில் வருகிற, அரசு அச்சிடுகிற முறையை அமெரிக்கர்கள் ஆஸ்திரேலியாவிடமிருந்து எடுத்தார்கள். அது அங்குள்ள மாநிலங்களில் பரவத் தொடங்கியது 1888க்குப் பிறகு. ஆகவே 1887இல் ஒரு குழு ஒரு பெயரைக் கடைசி நிமிடம் வரை மறைத்து வைக்க முடிந்தது.

அந்தக் குழு யார், ஏன் அப்படிச் செய்தது என்பதை விளங்கிக்கொள்ள இரண்டு விடயங்களைத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மது. மற்றது வாக்குரிமை.

முதலில் மது. 1880இல் கன்சாஸ் மக்கள் வாக்களித்து, மதுவிலக்கைத் தமது மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். ஆனால் சட்டம் எழுதுவது வேறு, நடைமுறைப்படுத்துவது வேறு. ஊரில் மேயரும் சபையும் கண்ணை மூடிக்கொண்டால் சாராயம் பின்கதவால் ஓடும். இதனால் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் உள்ளூர்த் தேர்தல்களில் அக்கறை காட்டியது. 1874இல் தொடங்கிய அந்தச் சங்கம் அப்போது நாடு முழுவதும் கிளை விட்டிருந்தது. ஆர்கோனியாவிலும் ஒரு கிளை இருந்தது. கணவன் குடித்தால் வீட்டில் அடியும் பட்டினியும் யாருக்கு என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இது வெறும் ஒழுக்கப் பிரச்சினை அல்ல.

அடுத்தது வாக்குரிமை. இது திடீரென்று வந்த ஒன்றல்ல. 1859இல் கன்சாஸுக்கான அரசியலமைப்பை எழுத ஆண்கள் கூடியபோது கிளாரினா நிக்கல்ஸ் என்ற பெண் அந்த மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்தார். அவர் பிரதிநிதி அல்ல, வாக்கும் இல்லை. கையில் பின்னல் வேலையை வைத்துக்கொண்டு நாள் தவறாமல் போய் இருந்தார். இடைவேளைகளில் பிரதிநிதிகளோடு பேசினார். பாடசாலை நிர்வாகத் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்கு என்ற ஒரு சிறிய உரிமை அந்த அரசியலமைப்பில் சேர்ந்தது. 1867இல் முழு வாக்குரிமைக்காக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. கறுப்பின ஆண்களுக்கு வாக்கு, பெண்களுக்கு வாக்கு என்று இரண்டு கேள்விகள். இரண்டுமே தோற்றன. பிறகு இருபது வருடம். 1887 பெப்ரவரியில்தான் கன்சாஸ் சட்டமன்றம் நகரத் தேர்தல்களில் பெண்கள் வாக்களிக்கலாம் என்று சட்டம் இயற்றியது. மாநிலத் தேர்தலில் இல்லை, ஜனாதிபதித் தேர்தலில் இல்லை. நகரத் தேர்தலில் மட்டும்.

அந்தச் சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆர்கோனியாவில் தேர்தல் வந்துவிட்டது.

மதுவிலக்குச் சங்கப் பெண்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். நகர சபைக்கு யார் யார் தகுந்தவர்கள் என்று பேசி ஒரு பட்டியல் தயாரித்தார்கள். கவனியுங்கள், அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லை. எல்லாம் ஆண்கள். பெண்கள் கேட்டது பதவி அல்ல, மதுவிலக்கை ஒழுங்காக நடைமுறைப்படுத்தும் நல்ல மனிதர்களை. ஆனால் அதுவே ஊரில் சிலருக்குப் பொறுக்கவில்லை. பெண்களுக்கு அரசியலில் என்ன வேலை என்று நினைத்த ஆண்கள் இருபது பேர் இரகசியமாகக் கூடினார்கள்.

அவர்கள் போட்ட திட்டம் இது. சங்கத்தின் பட்டியலை அப்படியே எடுத்து எல்லாப் பெயர்களையும் அதேபோல அச்சிடுவது. மேயர் என்ற இடத்தில் மட்டும் சங்கத்தின் பெண் ஒருவருடைய பெயரைப் போடுவது. சங்க உறுப்பினர்கள் வழமைபோலத் தமது பட்டியலுக்கு வாக்களிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு விழப்போவது இந்த இருபது பேரின் வாக்குகள் மட்டும்தான். மாலையில் எண்ணும்போது ஊரே சிரிக்கும். அந்தப் பெண் வெட்கத்தில் தலை குனிவார். மற்றப் பெண்களும் இனித் தேர்தல் பக்கம் தலை காட்டமாட்டார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்த பெயர்தான் சுசன்னா சால்ட்டர். யார் இவர்?

1860 மார்ச் 2ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். குவேக்கர் மரபில் வந்த குடும்பம். அவருக்குப் 12 வயதாக இருக்கும்போது குடும்பம் கன்சாஸுக்கு வந்து விவசாயம் செய்தது. மன்ஹட்டன் என்ற ஊரில் இருந்த கன்சாஸ் மாநில விவசாயக் கல்லூரியில் படித்தார். பட்டம் பெற ஆறு வாரம் இருக்கும்போது நோய் வந்து படிப்பை விட வேண்டியதாயிற்று. அந்தக் கல்லூரியில்தான் லூயிஸ் சால்ட்டரைச் சந்தித்தார். லூயிஸ், கன்சாஸின் முன்னாள் துணை ஆளுநர் ஒருவரின் மகன். 1880இல் திருமணம். 1882இல் இருவரும் ஆர்கோனியாவுக்கு வந்தார்கள். கணவர் ஹாட்வெயார் கடை நடத்தினார், பக்கத்தில் சட்டமும் படித்தார்.

ஊர் நகரமானபோது அதன் முதல் மேயராகத் தெரிவானவர் சுசன்னாவின் தந்தை ஒலிவர் கின்சி. முதல் நகர எழுதுவினைஞர் அவருடைய கணவர். ஆகவே நகர சபை என்றால் என்ன, அங்கே என்ன நடக்கும் என்பது இந்தப் பெண்ணுக்குப் புதிய விடயமாக இருந்திருக்காது. அவரை வெறும் "உடுப்புக் கழுவுகிற பெண்" என்று நினைத்த இடத்திலேயே அந்த இருபது பேரின் கணக்குப் பிழைத்துவிட்டது.

இனித் தேர்தல் தினக் காலைக்குத் திரும்புவோம்.

கணவர் லூயிஸ் வாக்களிக்கப் போய்ச் சீட்டைப் பார்த்தார். மனைவியின் பெயர். கடும் கோபத்தோடு வீட்டுக்கு வந்தார். அவருக்கு அது குடும்பத்துக்கு நடந்த அவமானமாகத் தெரிந்தது.

ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்த வேறு சிலர் வேறு விதமாக யோசித்தார்கள். உள்ளூர்க் குடியரசுக் கட்சித் தலைவர்களுக்கு விடயம் எட்டியதும், ஒரு குழு நேரே சால்ட்டர் வீட்டுக்குப் போனது. சுசன்னா கழுவிக்கொண்டிருந்த உடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். நடந்ததைச் சொன்னார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டார்கள். தெரிவு செய்யப்பட்டால் பதவியை ஏற்பீர்களா?

ஏற்பேன் என்றார்.

அப்படியானால் பகிடி செய்தவர்களுக்குப் பாடம் படிப்பிப்போம், உங்களையே மேயராக்குவோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் ஊருக்குள் இறங்கினார்கள். பகல் முழுவதும் வேலை செய்தார்கள். மதுவிலக்குச் சங்கப் பெண்களும் தாங்கள் முதலில் தெரிவு செய்திருந்த மேயர் வேட்பாளரை விட்டுவிட்டு சுசன்னாவுக்கு வாக்களித்தார்கள். சட்டம் தந்த உரிமையை அந்தப் பெண்கள் பயன்படுத்திய முதல் தேர்தல் அது. மாலையில் எண்ணிப் பார்த்தபோது சுசன்னா சால்ட்டருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள். ஐக்கிய அமெரிக்காவில் மேயர் பதவி வகித்த முதல் பெண் என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

கோபப்பட்ட கணவர் என்ன ஆனார்? மனைவி பதவியை ஏற்கப்போகிறார் என்று கேட்டதும் முதலில் இன்னும் குழம்பிப்போனார். பிறகு பழகிவிட்டார். "மேயரின் கணவர்" என்று தன்னைத் தானே பகிடி பண்ணிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்கள். "பகிடிக்காக நிறுத்தப்பட்ட பெண் தேர்தலில் வென்றுவிட்டார்." கேட்க இனிமைதான். ஆனால் அதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. ஏதோ அந்த இருபது பேரின் பகிடிதான் அவரை மேயராக்கியது போலவும், அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டியது போலவும் அது சொல்கிறது.

பெயரை எழுதியவர்கள் வேறு, தெரிவு செய்தவர்கள் வேறு. இருபது பேரால் ஒரு பெயரை அச்சிட மட்டும்தான் முடிந்தது. அந்தப் பெயரை வெற்றியாக்க மூன்று விடயங்கள் தேவைப்பட்டன. பின்னல் ஊசியோடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிலிருந்து தொடங்கி, 28 வருடமாகக் கேட்டுக் கேட்டு வாங்கிய சட்டம் ஒன்று. ஒரே நாளில் தீர்மானத்தை மாற்றிச் சேர்ந்து நிற்கக்கூடிய பெண்களின் அமைப்பு இரண்டாவது. மூன்றாவது, வீட்டு வாசலுக்கு வந்து கேட்கப்பட்ட அந்தக் கேள்வியும் அதற்குச் சொல்லப்பட்ட பதிலும். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அன்று மாலை ஊர் சிரித்திருக்கும்.

பதவிக்காலம் ஒரு வருடம். சம்பளம் முழு வருடத்துக்கும் ஒரே ஒரு டொலர்.

வெற்றிச் செய்தி பத்திரிகைகளில் பரவியது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன, ஏச்சுக் கடிதங்களும் வந்தன. ஒரு கடிதத்தில் ஆண்களின் காற்சட்டை ஒன்றைப் படமாக வரைந்து, கேலிக் கவிதையும் எழுதி அனுப்பியிருந்தார்கள். பெண் தலைமையில் சபை எப்படி நடக்கிறது என்று பார்க்க நியூயோர்க் பத்திரிகை ஒன்றின் நிருபர் ஆர்கோனியாவுக்கு வந்தார். அவர் மேயரின் உடுப்பைப் பற்றியும் தொப்பியைப் பற்றியும் எழுதினார். ஆண் மேயராக இருந்தால் தொப்பியைப் பற்றி எழுதியிருப்பாரா என்று எமது பிள்ளைகளிடம் கேட்டால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் அந்த நிருபர் இன்னொன்றையும் கவனித்தார். விடயத்துக்கு வெளியே பேச்சுப் போனபோதெல்லாம் மேயர் இடைமறித்து நிறுத்தினார், கூட்டத்தைக் கண்ணியமாக நடத்தினார் என்று எழுதினார்.

அந்த வருடம் ஆர்கோனியாவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கூட்டங்கள் நடந்தன, ஊர் வழமைபோல ஓடியது. பதவியில் இருக்கும்போதே சுசன்னா ஐந்தாவது பிள்ளையைப் பெற்றார். அந்தப் பிள்ளை சிசுப் பருவத்திலேயே இறந்துவிட்டது. ஒரு தாய் அந்தத் துயரத்தையும் சுமந்துகொண்டு இருந்தார் என்பது "முதல் பெண் மேயர்" என்ற பட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோகிறது.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பெண் மேயரானால் ஊர் கெட்டுவிடும், குடும்பம் கெட்டுவிடும் என்று பயம் காட்டியவர்களுக்கு அதைவிடச் சிறந்த பதில் வேறு எது? அதே வருடம் ஒக்டோபரில் நியூட்டன் என்ற ஊரில் பெண்கள் வாக்குரிமை மாநாடு நடந்தது. அங்கே பெண்ணுரிமைப் போராட்டத்தின் மூத்த தலைவியான சூசன் பி. அந்தனியை சுசன்னா சந்தித்தார். அந்தனி அவர் தோளில் தட்டி, நீயும் மற்றப் பெண்களைப் போலத்தானே இருக்கிறாய் என்று வியந்து சொன்னதாகச் சொல்வார்கள். அந்த வியப்புக்குள்ளே முழுக் கதையும் இருக்கிறது. மேயராக இருக்க ஒரு பெண் விசேட பிறவியாக இருக்கத் தேவையில்லை.

அடுத்த வருடம் மீண்டும் போட்டியிட சுசன்னா விரும்பவில்லை. ஒரு வருடத்தோடு நிறுத்திக்கொண்டார். பிறகு வாழ்நாளில் வேறு எந்தப் பதவிக்கும் அவர் போட்டியிடவும் இல்லை. ஆனால் கதவு திறந்துவிட்டது. 1888இல் அதே கன்சாஸில் ஒஸ்கலூசா என்ற ஊர், மேயர் மேரி லோமன் உட்பட முழு நகர சபைக்கும் பெண்களையே தெரிவு செய்தது. அந்தப் பெண்களை யாரும் பகிடிக்கு நிறுத்தவில்லை.

வழி நேராகப் போனது என்றும் நினைக்க வேண்டாம். 1894இல் கன்சாஸில் முழு வாக்குரிமைக்கான வாக்கெடுப்பு மீண்டும் தோற்றது. 1912இல்தான் வென்றது. நாடு முழுவதுக்குமான அரசியலமைப்புத் திருத்தம் 1920இல் வந்தது. அதாவது, ஆண்களும் பெண்களும் வாக்களித்துத் தெரிவு செய்த ஒரு மேயரால், கன்சாஸில் தன் நாட்டின் ஜனாதிபதிக்கு வாக்களிக்கும் உரிமையைப் பெற இன்னும் 25 வருடம் ஆகியிருக்கும்.

1893இல் குடும்பம் ஒக்லஹோமாவுக்குப் போனது. செரோகி மக்களிடமிருந்து அரசாங்கம் எடுத்த நிலத்தைக் குடியேற்றக்காரர்களுக்குத் திறந்துவிட்ட வருடம் அது. சால்ட்டர் குடும்பமும் அங்கே நிலம் பெற்றது. ஒருவருக்குக் கதவு திறந்த காலத்திலேயே இன்னொருவருடைய வீடு பறிபோனது என்பதையும் வரலாற்றில் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கணவர் 1916இல் இறந்தார். கடைசிப் பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்காக சுசன்னா நோர்மன் நகருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். மொத்தம் ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற தாய்.

1961 மார்ச் 17ஆம் திகதி, 101 வயது நிறைந்து இரண்டு வாரம் ஆன நிலையில் அவர் காலமானார். அடக்கம் செய்தது ஆர்கோனியாவில். அவர் வாழ்ந்த வீடு இன்று அங்கே ஒரு நூதனசாலை. அவர் கண்மூடிய அந்த நாளில், எமது நாட்டில் உலகின் முதல் பெண் பிரதமர் பதவியில் இருந்தார். ஒருவருடைய ஆயுளுக்குள் உலகம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று அளந்து பார்க்க இந்த இரண்டு திகதிகளும் போதும்.

அந்த இருபது பேரின் பெயர்களை இன்று யாரும் தேடுவதில்லை.

இனி எமது வகுப்புக்கு வருவோம். கதையைத் திரும்பத் திரும்ப யோசித்தபோது எமக்குக் குத்திய இடம் ஒன்றுதான். ஆர்கோனியாவில் பகிடி செய்தவர்கள் இருந்தார்கள், எமது வகுப்பிலும் இருந்தார்கள். அங்கே பெயர் எழுதப்பட்ட பெண் தகுதியானவர், இங்கேயும் அந்தப் பிள்ளைக்குத் தகுதி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. வித்தியாசம் எங்கே? அங்கே சிலர் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போய், ஏற்பீர்களா என்று கேட்டார்கள். நாம் கேட்கவில்லை. பெயரை வெட்டச் சொன்னதும் வெட்டினோம். அந்தப் பிள்ளை மறுத்தது பதவியையா, சிரிப்பையா என்றுகூட விசாரிக்கவில்லை.

இந்த வருடத் தேர்தல் அடுத்த மாதம். பெயர் கேட்பதற்கு முன்பே அந்தப் பிள்ளையிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பதாக இருக்கிறோம். இல்லை என்றால் இல்லைதான், வற்புறுத்தமாட்டோம். ஆம் என்றால் இந்த முறை அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது எமது முகத்தில் பகிடி இருக்காது.

வாசிக்கிற ஆசிரிய நண்பர்களே, பெற்றோரே, உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் பகிடிக்கு மட்டும் சொல்லப்படுகிற ஒரு பெயர் இருக்கும். ஒரு தடவை போய்க் கேட்டுப் பாருங்கள்.